முகூர்த்தம் காலையில், ரயில் ராத்திரியில்: கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு மதுரை

பந்தியில் கை கழுவி, மொய் எழுதி, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு மண்டபத்தை விட்டு வெளியே வரும்போது மணி பதினொன்றரை. சென்னைக்கு ரயில் ராத்திரிதான். "வந்தது வந்தோம், மீனாட்சியைப் பாத்துட்டுப் போயிருவோம்" என்று பெரியம்மா சொல்ல, எட்டுப் பேர் இரண்டு ஆட்டோவில் ஏறிக் கீழக் கோபுரத்துப் பக்கம் இறங்குகிறார்கள். அப்போது மணி 12.10. செருப்பைக் கழற்றி வைத்து, எட்டு செல்போனையும் கொடுத்து டோக்கன் வாங்கி, சோதனை வரிசையைத் தாண்டுவதற்குள் 12.30 ஆகிவிடுகிறது. நடை சாத்தியாயிற்று. இனி சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். வைகாசி வெயிலில் பட்டுப்புடவையோடு மூன்றரை மணி நேரம் எங்கே போய் உட்காருவது?

வெளியூரிலிருந்து கல்யாணத்துக்கு வருகிறவர்கள் மதுரையில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான். கோயில்கள் நடுப்பகலில் சாத்தியிருக்கும். அரண்மனையும் அருங்காட்சியகங்களும் பகலில் திறந்திருந்து சாயங்காலத்தோடு மூடிவிடும். சமணர் மலை மாதிரியான பாறைகளில் காலை ஒன்பது மணிக்கு மேல் கால் வைக்க முடியாது. இந்த மூன்றையும் முகூர்த்த நேரத்தோடு பொருத்திப் பார்த்துக் கிளம்பினால், கிடைக்கிற ஒரு நாளிலேயே ஊரை நிறைவாகப் பார்க்கலாம். பொருத்திப் பார்க்காமல் போனால் மூன்று நாள் இருந்தாலும் சாத்திய கதவுகளைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

முதலில் நடுப்பகலைச் சொல்லிவிடுகிறோம். கல்யாண நாளில் விருந்தாளிக்குக் கையில் இருக்கிற நேரம் அதுதான்.

திருமலை நாயக்கர் மகால் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை திறந்திருக்கும். 1636இல் கட்டியது. இப்போது நிற்பது பழைய அரண்மனையில் நான்கில் ஒரு பங்குதான். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்தில் அரண்மனையின் பகுதிகளைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். மிஞ்சியதை ஆங்கிலேயர் காலத்தில் நேப்பியர் பிரபு கவர்னராக இருந்தபோது பழுது பார்த்தார்கள். உள்ளே போனதும் முற்றத்தின் நடுவில் போய் நின்றுவிடாமல், தூண் வரிசையின் நிழலோடு ஒரு சுற்றுச் சுற்றி சொர்க்க விலாசத்துக்கு வாருங்கள். அங்கே குவிமாடத்துக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் சுதை வேலையின் அளவு தெரியும். குழந்தைகள் ஓடுவதற்கு நிறைய இடம் இருக்கிறது. தூண்களின் தடிமன் எவ்வளவு என்று மூன்று நான்கு பிள்ளைகள் கையைக் கோர்த்துப் பிடித்துப் பார்க்கலாம். புறாக்கள் அதிகம் என்பதால் பட்டுப் புடவைக்காரர்கள் தூண் ஓரத்தில் உட்காரும் முன் தரையையும் மேலேயும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

மகாலைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் பத்துத்தூணைப் பார்ப்பதில்லை. மகாலிலிருந்து விளக்குத்தூண் பக்கம் நடந்தால், ஜவுளிக் கடைகள் நெருக்கியடிக்கும் ஒரு சந்துக்குள் ராட்சசக் கல்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. நாயக்கர் அரண்மனையின் மிச்சம் அவை. நைட்டிகளும் சுடிதார் துணிகளும் தொங்கும் கடைகளுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கிற அந்தத் தூண்களையும், இந்தப் பக்கம் மகாலையும் மனதில் ஒரு கோடு போட்டு இணைத்தால், பழைய அரண்மனை எவ்வளவு தூரம் பரவிக் கிடந்தது என்பது புரிந்துவிடும். வேறு எந்த விளக்கமும் தேவைப்படாது.

வயதானவர்கள், வெயில் தாங்காதவர்கள் என்றால் தமுக்கத்தில் இருக்கிற காந்தி நினைவு அருங்காட்சியகம். ராணி மங்கம்மாளின் கோடை அரண்மனை அது. 1959இல் நேரு திறந்துவைத்தார். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, ரத்தக் கறை படிந்த துணி இங்கேதான் இருக்கிறது. அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தவர்கள்கூட நின்றுவிடுவார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாள்களிலும் பகல் ஒன்றிலிருந்து இரண்டு வரை மூடுவார்கள். ஆகவே இரண்டு மணிக்கு மேல் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள். காந்தி அரையாடைக்கு மாறியதும் இதே ஊரில்தான், 1921 செப்டம்பர் 22 அன்று. மேலமாசி வீதியில் அவர் தங்கியிருந்த வீட்டில் இப்போது கதர்க் கடை இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து கோயிலுக்குப் போகிற வழியிலேயே வரும்.

பிள்ளைகள் கூட வந்திருந்தால் நத்தம் சாலையில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும் நினைவில் வையுங்கள். 2023இல் திறந்தது. குளிர்சாதன வசதி உண்டு, குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு நூலகத்தைச் சொல்வார்களா என்று தோன்றலாம். பகல் இரண்டு மணிக்கு ஆறு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மதுரைத் தெருவில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

மீனாட்சியம்மன் கோயில்

கோயிலுக்கு நல்ல நேரம் இரண்டு. ஒன்று, விடிகாலை ஐந்திலிருந்து ஏழரை வரை. மற்றது, ராத்திரி எட்டு மணிக்கு மேல். முதல் நாள் சாயங்கால வரவேற்புக்காகக் காலை ரயிலிலேயே வந்து இறங்குகிறவர்கள், அறைக்குப் போய்க் குளித்துவிட்டு நேராகக் கோயிலுக்குப் போய்விடுவது உத்தமம். "சாயங்காலம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டால், வரவேற்புக்குக் கிளம்பும் அவசரத்தில் அது நடக்காமலே போய்விடும்.

2018இல் வீரவசந்தராயர் மண்டபத்தில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு, நீதிமன்ற உத்தரவுப்படி செல்போன் உள்ளே போகக் கூடாது. காமிராவும் கூடாது. பெரிய பையையும் ஒதுக்கிவிடுவார்கள். எட்டுப் பேர் போனால் ஏழு போனை அறையிலேயே வைத்துவிட்டு, ஒரே ஒரு போனை மட்டும் கொண்டுபோய் வாசலில் ஒப்படைப்பது எவ்வளவோ நேரத்தை மிச்சப்படுத்தும். நகைப் பெட்டி, மொய்க் கவர் இருக்கிற பையைக் கொண்டுபோகவே வேண்டாம். ஆண்கள் அரைக்கால் சட்டையோடு போனால் திருப்பி அனுப்புவார்கள். வேட்டியோ முழுக்கால் சட்டையோ போதும்.

போன் இல்லாமல் உள்ளே போகும்போது கூட்டம் பிரிந்துவிட்டால் தேடுவது லேசில்லை. அதனால் உள்ளே நுழைவதற்கு முன்பே ஓர் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். பொற்றாமரைக் குளத்தின் படிகள் நல்ல இடம். ஆனால் "குளத்துல இருங்க" என்று மட்டும் சொன்னால் நான்கு பக்கமும் படி இருக்கிறது. தெற்குக் கோபுரம் தெரிகிற மாதிரி வடக்குப் பக்கத்துப் படி என்று குறிப்பாகச் சொல்லுங்கள். இன்னொன்று முக்குறுணிப் பிள்ளையார். அந்த உயரத்துப் பிள்ளையாரை யாரும் தவறவிட முடியாது, தெரியாதவர்கள் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

எந்த வாசலில் செருப்பும் போனும் கொடுத்தீர்களோ அதே வாசல் வழியாகவே வெளியே வாருங்கள். உள்ளே சுற்றிவிட்டுத் திசை தெரியாமல் வேறு கோபுரம் வழியாக வந்துவிட்டால், செருப்பை எடுக்கச் சித்திரை வீதியில் பாதிச் சுற்று வெறுங்காலோடு நடக்க வேண்டும். காலையிலும் ராத்திரியும் பரவாயில்லை. பதினொரு மணிக் கல்லில் நடந்தால் கொப்புளம்தான். சித்திரை வீதிகளுக்குள் வண்டி வராது என்பதையும் மறக்க வேண்டாம். ஆட்டோ இறக்கிவிடும் இடத்திலிருந்து கோபுர வாசல் வரை நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் பேட்டரி வண்டியை விசாரித்து ஏற்றிவிடுங்கள்.

கிழக்கில் இரண்டு வாசல் இருக்கின்றன. ராஜகோபுரம் சுவாமி சந்நிதிக்கு நேர். பக்கத்தில் இருக்கிற அட்டசக்தி மண்டபம் அம்மன் சந்நிதிக்கு நேர். இந்த ஊர் வழக்கம் அம்மனை முதலில் கும்பிட்டுவிட்டுச் சுவாமியிடம் போவது. அதனால் அட்டசக்தி மண்டபம் வழியாகவே போவார்கள். வெள்ளி, ஞாயிறு, முகூர்த்த நாள், கார்த்திகையிலிருந்து தை வரை ஐயப்ப பக்தர்கள் வருகிற காலம், இந்த நாள்களில் பொது வரிசை நெளிந்துகொண்டே போகும். கார்த்திகை, தைக் கல்யாணங்களுக்கு வருகிறவர்கள் கட்டணச் சீட்டு வாங்கிக்கொள்வதில் தயங்க வேண்டாம்.

தரிசனம் முடிந்ததும் ஓட்டமாக வெளியே வந்துவிடாதீர்கள். சுவாமி சந்நிதிக்கு முன்னால் கம்பத்தடி மண்டபம் இருக்கிறது. அங்கே கொடிமரத்தைச் சுற்றியுள்ள தூண்களில் ஒன்றில் மீனாட்சி கல்யாணம் செதுக்கியிருக்கிறது. நடுவில் மீனாட்சி தலையைக் கொஞ்சம் சாய்த்து நிற்கிறாள். ஒரு பக்கம் சுந்தரேசுவரர் கையைப் பிடிக்கிறார். மறுபக்கம் பெருமாள், அண்ணன் முறைக்கு நின்று, கெண்டியிலிருந்து தாரை வார்க்கிறார். காலையில் மணமேடையில் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து தாரை வார்த்ததைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு, இந்தத் தூணுக்கு முன்னால் ஐந்து நிமிஷம் நிற்பதற்கு ஈடு இந்த ஊரில் வேறு எதுவும் கிடையாது. அம்மனின் முகத்தை முன்னால் நின்று பார்த்தால் போதாது. ஒரு எட்டுப் பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள்; அந்தத் தலைச் சாய்வில் இருக்கிற வெட்கம் அப்போதுதான் தெரியும்.

அங்கிருந்து பக்கத்திலேயே வெள்ளியம்பலம். மற்ற ஊர்களில் நடராசர் இடது காலைத் தூக்கி ஆடுவார். இங்கே வலது காலைத் தூக்கியிருக்கிறார். கால் மாறி ஆடிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிப் போங்கள். ஆயிரங்கால் மண்டபத்துக்குத் தனிச் சீட்டு. 1569இல் அரியநாத முதலியார் கட்டியது, தூண்கள் 985. கூட்டம் நெருக்கும்போது மூச்சுவிட இடம் கிடைக்கிற மண்டபம் இது.

ராத்திரி போகிறவர்களுக்குக் கிடைப்பது பள்ளியறை பூசை. ஒன்பது மணியை ஒட்டி, சுவாமியின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து அம்மன் சந்நிதிப் பள்ளியறைக்கு எடுத்துப் போவார்கள். நாதஸ்வரமும் தீபமும் முன்னால் போக, கூட்டம் இரண்டு பக்கமும் ஒதுங்கி நிற்கும். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டிய காட்சி இது. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வரவேற்பு சாப்பாட்டை ஏழரைக்கே முடித்து, எட்டு மணிக்குள் கிளம்பினால் பிடித்துவிடலாம். எட்டரைக்கு மேல் உள்ளே விடுவதைக் குறைத்துக்கொண்டே வருவார்கள் என்பதால் அதற்கு மேல் தாமதிக்க வேண்டாம்.

மண்டபம் எந்தப் பக்கம்?

மதுரையில் மண்டபங்கள் ஊரைச் சுற்றி எல்லாத் திசையிலும் இருக்கின்றன. அழகர்கோவில் சாலை மண்டபத்தில் தங்கிக்கொண்டு கீழடிக்கும், தேனி சாலை மண்டபத்தில் தங்கிக்கொண்டு ஆனைமலைக்கும் போவது வீண் அலைச்சல். உங்கள் மண்டபம் இருக்கிற பக்கத்தை மட்டும் பாருங்கள்.

திருப்பரங்குன்றம், பசுமலை, விமான நிலையம் பக்கம் என்றால் பரங்குன்றத்து முருகன். தெய்வானையைக் கல்யாணம் செய்துகொண்ட தலம் என்பதால் முகூர்த்த நாளில் இங்கே தாலி கட்ட வருகிற ஜோடிகளுக்குக் கணக்கில்லை. உங்கள் கல்யாணமே அங்கே இல்லாத பட்சத்தில், முகூர்த்த நாள் காலையில் அந்தப் பக்கம் போகாதீர்கள். சந்நிதித் தெருவில் வண்டி நகராது. மறுநாள் காலை போனால் நிதானமாகப் பார்க்கலாம். மூலவர் மலையைக் குடைந்து செதுக்கியவர். அதனால் அவருக்கு அபிஷேகம் கிடையாது, வேலுக்குத்தான் அபிஷேகம். அதே குடைவரையில் சிவனும் பவளக்கனிவாய்ப் பெருமாளும் எதிரெதிராக இருக்கிறார்கள். மலைக்குத் தெற்குப் பக்கம் சுற்றிப் போனால் தென்பரங்குன்றம், உமையாண்டார் குடைவரை. சமணக் குடைவரையாக இருந்து பின்னால் சிவன் கோயிலாக மாறியது. கூட்டமே இருக்காது. பக்கத்தில் விளாச்சேரி, களிமண் பொம்மை செய்கிற ஊர். கொலு பொம்மை வாங்குகிற வீட்டார் ஆவணியில் கல்யாணத்துக்கு வந்தால் அங்கே ஒரு நடை போய்வரலாம். பொம்மையை வாங்கினால் வைக்கோல் வைத்துக் கட்டச் சொல்லி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெர்த்துக்கு அடியில் தள்ளினால் காதோ கையோ உடைந்துதான் வீடு போய்ச் சேரும்.

தேனி சாலைப் பக்கம் என்றால் கீழக்குயில்குடி சமணர் மலை. காலையில் நடக்கக்கூடியவர்களுக்கு மதுரையில் இதைவிட நல்ல இடம் கிடையாது. அறையிலிருந்து ஐந்தரைக்குக் கிளம்பி, ஆறு மணிக்கு மலையடிவாரத்துத் தாமரைக் குளத்துக்குப் போய்விட வேண்டும். குளக்கரையில் ஆலமரங்கள், அய்யனார் கோயில், பெரிய பெரிய குதிரைகள். அய்யனார் கோயிலை ஒட்டிப் பாறையில் வெட்டிய படிகள் மேலே போகின்றன. முதலில் வருவது பேச்சிப்பள்ளம். சின்னச் சுனை ஒன்றுக்கு மேலே பாறை நெற்றியில் எட்டுச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி. ஒவ்வொன்றின் கீழேயும் வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்து. செய்து கொடுத்தவர் யார் என்று அந்த எழுத்துகள் சொல்கின்றன. ஏறத்தாழ ஆயிரத்து நூறு வருஷப் பழமை. காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்துகளின் பள்ளத்தில் நிழல் கட்டும், அப்போது ஒவ்வோர் எழுத்தும் தனித்துத் தெரியும். வெயில் உச்சிக்கு ஏறிவிட்டால் வெறும் கீறல்களாகத்தான் தெரியும். எழுத்தைச் சுண்ணாம்பால் தேய்த்தோ தண்ணீர் ஊற்றியோ படிக்கப் பார்க்கக் கூடாது, பாறை அரித்துப்போகும்.

இன்னும் மேலே ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி என்ற பழைய சமணப் பள்ளியின் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. அதற்கும் மேலே தீபத்தூண். அங்கிருந்து பார்த்தால் நாகமலை ஒரு பாம்பு மாதிரி நீண்டு கிடப்பது தெரியும். மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. அதற்கு ஏற்றம் குறைவு, முட்டி வலிக்காரர்கள் அதை மட்டும் பார்த்துக்கொண்டு கீழேயே இருக்கலாம். செட்டிப்புடவுக் குகைக்குள் கூரையில், சிங்கத்தின் மேலிருந்து யானையை எதிர்க்கிற இயக்கி என்கிற சமணப் பெண் தெய்வத்தின் சிற்பம் இருக்கிறது. தலையை உள்ளே நுழைத்து மேலே பார்க்காவிட்டால் தவறிப்போகும்.

மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும், அன்றைக்கு ஏற வேண்டாம். கல்யாணத்துக்குப் போட்டு வந்த தோல் செருப்பில் ஏற முடியாது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும். எட்டரைக்குள் இறங்கிவிட்டாலும், ஒன்பது மணி முகூர்த்தத்துக்குக் குளித்துவிட்டுப் போவது முடியாத காரியம். ஆகவே முகூர்த்தம் பத்தரைக்கு முன் என்றால், மலையை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒத்தக்கடை, மாட்டுத்தாவணி பக்கம் தங்கியிருந்தால் ஆனைமலை. படுத்த யானை மாதிரிக் கிடக்கிற அந்த ஒற்றைப் பாறையின் அடியில் நரசிங்கம் ஊர். யோக நரசிங்கப் பெருமாள் குடைவரை 770இல் எடுத்தது. பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி தொடங்கி வைத்துவிட்டு இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முடித்தார் என்று கல்வெட்டே சொல்கிறது. கொஞ்ச தூரத்தில் லாடன் கோயில் என்கிற முருகன் குடைவரை. பெருமாள் பக்தர்கள் அதே சுற்றில் திருமோகூர் காளமேகப் பெருமாளையும் சக்கரத்தாழ்வாரையும் சேவித்துவிடலாம். இன்னும் வடக்கே மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி, 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். குடைவரைச் சிவன் கோயில், தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல்வெட்டு, ராசாளிப் பறவைகள் எல்லாம் உண்டு. டீக்கடையை நம்பிப் போகிற இடம் இல்லை. தண்ணீரும் பலகாரமும் கையில் எடுத்துக்கொண்டு, ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்குக் கேட்டுக்கொண்டு போவது நல்லது. குப்பையைத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும்.

தெப்பக்குளம், விரகனூர், சிலைமான் பக்கம் என்றால் கீழடி. ஊரிலிருந்து 12 கிலோமீட்டர். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு மாதிரிக் கட்டியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. காலை பத்துக்கு மேல் திறப்பதால் முகூர்த்தம் முடிந்து போவதற்குச் சரியாக வரும். இரண்டு மணி நேரமாவது வேண்டும். பானை ஓட்டில் 'ஆதன்', 'குவிரன்' என்று பெயர் கீறியிருப்பதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து பாருங்கள். தன் சட்டிக்குத் தன் பெயரைப் போட்டுவைக்கிற பழக்கம் நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரம் வரைக்கும் வந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பும் வழியில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645இல் திருமலை நாயக்கர் வெட்டியது. மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம் என்பார்கள். ஐந்தரை மணிக்கு மேல் படிக்கட்டில் காற்று நன்றாக வரும். சுற்றிலும் தின்பண்டக் கடைகள். தைப்பூசத்தை ஒட்டிய கல்யாணம் என்றால் தெப்பத் திருவிழா உண்டா என்று பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அழகர்கோவில் சாலையில் இருந்தால் சொல்லவே வேண்டாம், அழகர்தான். ஊரிலிருந்து 21 கிலோமீட்டர். காலையில் முதலில் மேலே நூபுர கங்கைக்கும் பழமுதிர்சோலைக்கும் போய்விட்டு, இறங்கி வந்து அழகரைச் சேவியுங்கள். மாற்றிச் செய்தால் மலையிலிருந்து இறங்குவதற்குள் கீழே நடை சாத்திவிடும். ராஜகோபுர வாசல் பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்குரியது, சாத்தியே இருக்கும். கோயிலுக்குள் போவது வண்டி வாசல் வழியாக. பிரசாத தோசையைக் கேட்டு வாங்குங்கள். தோல் உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து விரல் தடிமனுக்குச் சுட்டது. பிளாஸ்டிக் பையில் தூக்கிக்கொண்டு நடந்தால் குரங்கு விடாது. துணிப்பையில் வைத்து இறுக முடிந்துகொள்ளுங்கள்.

ரயிலுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் இருக்கிறது, கையில் பெட்டி வேறு என்றால், நிலையத்திலேயே பெட்டியை ஒப்படைத்துவிட்டுக் கூடலழகர் கோயிலுக்கு நடந்துவிடலாம். பெரியார் பஸ் ஸ்டாண்டுப் பக்கம். பெருமாள் மூன்று நிலையில் இருந்தும் நின்றும் கிடந்தும் சேவை சாதிக்கிற அட்டாங்க விமானம். பெருமாள் கோயிலில் நவக்கிரகம் இருப்பதும் இங்கே காணக் கிடைக்கும்.

கொடைக்கானலும் ராமேசுவரமும் வேண்டாம். "இவ்வளவு தூரம் வந்துட்டோம், ஒரு எட்டு கொடைக்கானல் போயிட்டு வந்துருவோம்" என்று சித்தப்பா ஒருவர் எல்லாக் கல்யாணத்திலும் கிளம்புவார். மலைப்பாதையில் போகவர எட்டு மணி நேரம் வண்டியிலேயே போய்விடும். 2024 மே மாதத்திலிருந்து வண்டிக்கு இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். ராமேசுவரம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். இரண்டுக்கும் தனியாக ஒரு பயணம் வாருங்கள்.

வாங்குவதும் குடிப்பதும்

கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட வயிற்றில் கறிதோசைக்கும் கோலா உருண்டைக்கும் இடம் இருக்காது. அதனால் குடிக்கிறதை மட்டும் சொல்கிறோம். ஜிகர்தண்டாவுக்கு ஏற்ற நேரம் பகல் மூன்று மணி. மகாலிலிருந்து விளக்குத்தூணுக்கு நடந்து வந்தால் சரியாக இருக்கும். ஊறிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிக் குளிரவைத்த பால், மேலே ஐஸ்கிரீம். பிசின் பளபளவென்று கண்ணாடி மாதிரி, வாயில் போட்டால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். சரியாக ஊறாவிட்டால் நடுவில் கட்டியாகப் பல்லில் ஒட்டும். சளி பிடிக்கும் என்று பயப்படுகிற பெரியவர்களுக்குப் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை அரைத்துப் பிழிந்து, கருப்பட்டி, சுக்கு போட்டுக் காய்ச்சியது. சாயங்காலத் தள்ளுவண்டிகளில் சூடாகக் கிடைக்கும்.

சுங்குடிப் புடவை வாங்காமல் போகாதீர்கள். சௌராஷ்டிர நெசவாளர்கள் இந்த ஊருக்குத் தந்த கலை, புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் சுங்குடி என்று விற்பதெல்லாம் கையால் முடிச்சுப் போட்டதில்லை. முடிச்சுச் சுங்குடியில் புள்ளிகள் ஒன்றுபோல இருக்காது. ஒன்று வட்டமாக, ஒன்று கொஞ்சம் சதுரமாக இருக்கும். துணியை விரலால் தடவினால் புள்ளி இருக்கிற இடம் சிறிது குமிழ்ந்து நிற்கும். திருப்பிப் பார்த்தால் பின்பக்கமும் சாயம் அதே அளவுக்குப் பிடித்திருக்கும். புள்ளியெல்லாம் அச்சு வார்த்த மாதிரி ஒன்றுபோல இருந்து, பின்பக்கம் வெளிறியிருந்தால் அது அச்சடித்தது. விலை குறைவு, தினம் கட்ட அதுவும் நல்ல புடவைதான். முடிச்சு விலை கொடுத்து வாங்கிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்வது. முதல் தடவை தனியாக உப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள்.

கல்யாண வீட்டாருக்கு

விருந்தாளிகளைத் தங்கவைக்கும் அறையில் அரைத்தாள் ஒன்றை ஒட்டிவையுங்கள். மண்டபத்தின் பெயர், ஆட்டோக்காரரிடம் சொல்ல வேண்டிய அடையாளம், கோயில் திறக்கும் சாத்தும் மணி, பக்கத்தில் பார்க்கக்கூடிய இரண்டே இரண்டு இடங்கள், மண்டபத்துக்குத் திரும்பி வர வேண்டிய நேரம். பத்து இடத்தை எழுதினால் யாரும் எங்கேயும் போக மாட்டார்கள். மாப்பிள்ளை அழைப்புக்குப் பேசிய வேனையே ஊர் சுற்றவும் அனுப்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அது வரவேற்பு நேரத்தில் சிம்மக்கல் நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்கும். விருந்தாளிகளுக்குத் தனி வண்டி, அதில் உள்ளூர் தெரிந்த தம்பி ஒருவன். சித்திரைத் திருவிழா நாள்களில் கல்யாணம் வைத்திருந்தால், அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று ஆற்றைத் தாண்டி வண்டி போகாது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். மாட்டுத்தாவணியும் ஆரப்பாளையமும் வேறு வேறு பஸ் ஸ்டாண்டு என்பதையும். கோவை, திண்டுக்கல், தேனிக்காரர்கள் மாட்டுத்தாவணிக்குப் போய் நின்றுவிடுவார்கள்.

கிளம்புகிற அன்று மல்லிகை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் காலையில் உதிரியாகவும், கோயிலைச் சுற்றிய வீதிகளில் சாயங்காலம் சரமாகவும் கிடைக்கும். முகூர்த்த நாளில் விலை ஏறும். பனி விழுகிற மார்கழி, தையில் வரத்தே குறைந்து இன்னும் ஏறும். ராத்திரி ரயிலுக்கு எடுத்துப் போக வேண்டுமென்றால் விரிந்த பூவை வாங்காதீர்கள். சாயங்காலம் ஆறுக்கு மேல் மொட்டு அவிழ ஆரம்பித்துவிடும், அவிழ்ந்த பூ விடிவதற்குள் பழுத்துப்போகும். அன்று காலை பறித்து இன்னும் இறுக மூடியிருக்கிற, பருத்த மொட்டாகப் பார்த்து, நெருக்கமாகக் கட்டிய சரமாக வாங்குங்கள். தண்ணீர் தெளித்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீர்த்துளி நின்ற இடமெல்லாம் காலையில் பழுப்பாகிவிடும். வாழையிலையில் சுற்றி, அதன்மேல் ஈரத்தைப் பிழிந்தெடுத்த பருத்தித் துணியைச் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டாமல், பைக்கு மேலாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு அடியில் வைத்தால் நசுங்கிப் புழுங்கிவிடும். வீட்டுக்குப் போனதும் இலையைப் பிரித்து, உடனே சாமி படத்துக்குப் போட்டுவிடுங்கள்.